மூன்று தடவை கெட்டித்த துப்பாக்கி

துணிப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்த ஒருத்தியைத் துப்பாக்கிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டபோது, அருங்காட்சியகத்தின் டைரக்டர் சொன்ன காரணம் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது.

"ரெண்டுமே பழசும்மா. ரெண்டையுமே கண்ணாடிக்குள்ளதான் வைக்கிறோம். என்ன பெரிய வித்தியாசம்?"

பழசு என்று பார்த்தால் டைரக்டரும் பழசுதான். கண்ணாடிக்குள் வைக்க யாரும் முன்வராததால் நாற்காலியிலேயே இருந்தார்.

மாற்றப்பட்டவளை ஆபீசில் நூலம்மா என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது. ஒரு துண்டுத் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தே அது எந்த மாதிரித் தறியில் நெய்தது, எத்தனை துவைப்பு கண்டது என்று சொல்லிவிடுவாள். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். துப்பாக்கியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அது சத்தம் போடும் என்பது ஒன்றுதான். குக்கர் விசில் அடித்தாலே தோள் தூக்கிப் போடுகிற பிறவி. பலூன்காரனைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவாள்.

இந்த மாற்றலுக்குப் பின்னால் ஒரு பெரிய காரியம் இருந்தது. பல ஊர் அருங்காட்சியகங்கள் சேர்ந்து, தங்களிடம் கிடக்கிற ஆதிகாலத் துப்பாக்கிகளை எல்லாம் வகை பிரித்து, ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பார்க்கும்படி ஒரே விளக்கப் புத்தகமாகப் போடுவதென்று முடிவாகியிருந்தது. இங்கேயோ துப்பாக்கிப் பிரிவில் இருந்தவர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. எதுவும் வெடிக்காததால் யாரும் கவனிக்கவில்லை.

போனவர் சும்மா போகவில்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் அட்டை எழுதிக் கட்டிவிட்டுத்தான் போயிருந்தார். அவருடைய வகைகள் மூன்று: பெரியது, சிறியது, உடைந்தது. பெரியதாகவும் உடைந்ததாகவும் ஒன்று இருந்தால் அதற்குப் 'பிற' என்று எழுதி, அறிவியலுக்குத் தன் கடமையை முடித்திருந்தார்.

நூலம்மா அந்த அட்டைகளை எல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். துப்பாக்கியை நீளத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது, மருந்தை எப்படிப் பற்றவைக்கிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே பிடிபட்டது. ஆகப் பழசில், எரிகிற திரியைக் கையால் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு அந்தத் திரியைப் பிடித்துக்கொள்ள ஒரு வளைந்த கொக்கி வந்தது. அதற்கப்புறம் சக்கரம் சுழன்று பொறி தட்டுவது. அதற்கும் பிறகு சக்கிமுக்கிக் கல்: குதிரை என்று சொல்லும் சுத்தியின் வாயில் கல்லைக் கடிக்கக் கொடுத்து, விசையை இழுத்தால் கல் போய் எஃகுத் தகட்டில் உரசும், பொறி பறக்கும், குழலோரக் கிண்ணியில் இருக்கிற மருந்து பற்றி, தீத்துளை என்கிற சின்ன ஓட்டை வழியாகக் குழலுக்குள் தீ போகும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தூரத்திலிருந்து கொல்வதற்கு இத்தனை தலைமுறை மூளையைக் கசக்கியிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் பாதி மூளையைச் சாயம் போகாத சிவப்புக்குச் செலவழித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவசரப்பட்டு மூக்குடைந்ததும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, பித்தளை வேலைப்பாட்டோடு ஒரு குட்டித் துப்பாக்கி கிடைத்தது. குதிரை இருக்கிறது, கல் இருக்கிறது, விசை இருக்கிறது. பெண்கள் இடுப்பில் மறைத்து வைத்திருக்கக் கூடியது என்று ஒரு பக்கத்துக்கு உருகி உருகி எழுதிவிட்டாள். அதன் படத்தை வீட்டில் கணவரிடம் காட்டினாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தினமும் பத்துப் பேர் கையில் உயிரைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிறவர். அதனால் எதற்கும் பதறமாட்டார்.

"குண்டு எது வழியா வெளிய வரும்?" என்றார்.

"குழல் வழியாத்தான்."

"குழல் எங்க?"

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழலே இல்லை. குழல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு டப்பா, பக்கத்திலேயே மெழுகுவத்தி செருகுகிற ஒரு வளையம்.

"எனக்கென்னவோ இது விளக்கு ஏத்தற சாமான் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. தீக்குச்சி இல்லாத காலத்து லைட்டர் அது. இடுப்பில் மறைத்து வைத்திருந்த பெண்கள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தோடு குப்பைக்கூடைக்குப் போனார்கள். அன்று முதல் எதையும் அளக்காமல், உள்ளே பார்க்காமல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

அப்படி அளக்க முடியாமல் கடைசிவரை ஒன்று நின்றது. அது டைரக்டர் அறைச் சுவரில் தொங்கியது. ஊரில் பெரிய வக்கீல் ஒருவரின் குடும்பம் கொடுத்த நீளமான சக்கிமுக்கித் துப்பாக்கி. வக்கீலின் ஐந்து தலைமுறைக்கு முந்தைய முப்பாட்டனார் ஏதோ ஒரு போரில் அதை ஏந்தி ஏழு எதிரிகளைச் சாய்த்தார் என்று கீழே பித்தளைத் தகட்டில் வெட்டியிருந்தது. இவ்வளவு வீரமான பொருளைக் காட்சிக் கூடத்தில் கண்டவர் பார்க்க வைப்பானேன் என்று டைரக்டர் தன் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வருகிறவர்கள் அவரைப் பார்க்கும்போது துப்பாக்கியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் அவர் மீதும் ஒட்டிக்கொள்ளும் இல்லையா?

"சார், அதை மட்டும் ஒரு மணி நேரம் இறக்கிக் குடுத்தீங்கன்னா அளந்துக்குவேன்."

"அளக்க என்னம்மா இருக்கு? நீளம்னு போடுங்க."

"குழலுக்குள்ள எவ்வளவு ஆழம்னு கேக்கறாங்க சார். எல்லாத் துப்பாக்கிக்கும் கேக்கறாங்க."

"புத்தக வெளியீடு முடியட்டும்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னார். வெளியீட்டுக்கு மந்திரி வருகிறார். ரிப்பன் வெட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் பழைய கதை. மந்திரி இந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்து, விசையை இழுப்பார்; கல்லில் பொறி பறக்கும். பத்திரிகைக்காரர்கள் அந்தப் பொறியோடு படம் எடுப்பார்கள். குதிரை துருப்பிடித்து அசையாமல் இருந்ததால் எண்ணெய் போடும்படி ஸ்டோர்கீப்பரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "எப்படி ஐடியா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நூலம்மாவுக்குப் பொறி என்ற சொல்லைக் கேட்டதுமே தோள் தூக்கிப் போட்டது. ஐடியாவை மெச்சியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எண்ணெய் போடுவதற்காகத் துப்பாக்கி ஸ்டோருக்கு இறங்கி வந்தது. ஸ்டோர்கீப்பர் பெஞ்சில் பழைய போர்வையை விரித்து அதைப் படுக்க வைத்து, கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நூலம்மாவுக்கு நல்ல பழக்கம். "அண்ணே, அஞ்சே நிமிஷம்" என்றாள். அவர் டீ குடிக்கிற சாக்கில் நகர்ந்து கொடுத்தார்.

ஆழம் அளக்கிற வேலை ரொம்ப லேசு. மெல்லிய மரக்குச்சியைக் குழலின் வாய் வழியே அடி வரை விட வேண்டும். வாய் விளிம்பில் குச்சியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. குச்சியை வெளியே எடுத்து, குழலோடு ஒட்டி வெளிப்பக்கமாக வைத்துப் பார்த்தால் உள்ளே எதுவரை போனது என்று தெரிந்துவிடும். மற்ற எல்லாத் துப்பாக்கியிலும் குச்சி ஏறக்குறையத் தீத்துளை வரைக்கும் போனது. இதில் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

சிலந்திக்கூடாக இருக்கும் என்று குச்சியால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. ஈயத்தில் மரம் பட்டால் வருகிற மந்தமான டொக். புத்தகங்களில் இதைப் பற்றிய எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்ததால் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. குச்சியை அப்படியே விட்டுவிட்டு, போர்வையோ துப்பாக்கியோ அசையாதபடி, மூச்சைக்கூட ஓரமாக விட்டபடி பின்னுக்கு நடந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அதன் குறுக்கே நின்றுகொண்டாள்.

"என்ன மேடம், முடிஞ்சிதா?" என்று டீ டம்ளரோடு வந்தார் ஸ்டோர்கீப்பர்.

"உள்ள போகாதீங்கண்ணே. மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிச்சபடியே இருக்கு."

அவர் தன் எண்ணெய்க் கையைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தக் குழலின் மேல் குனிந்து, வாயைத் தன் மோவாய்க்கு நேராக வைத்துத் தேய்த்தவர் அவர். டம்ளர் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு இருவருமே கத்திவிட்டார்கள்.

டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து நின்று, சுவரில் காலியாக இருந்த ஆணிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன வருஷமா அது எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்திச்சு?"

நூலம்மா யோசித்தாள். "ஓரத்து நாற்காலிப் பக்கம் சார். நாங்கல்லாம் உக்காந்து உங்ககிட்ட திட்டு வாங்குவோமே, அந்த நாற்காலி."

"அப்பாடா" என்று அவர் உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அமர்க்களம். போலீசுக்குச் சொல்லி, போலீஸ் வெடிகுண்டு நிபுணருக்குச் சொல்லி, அவர் தன் ஆட்களோடும் ஒரு நாயோடும் வந்தார். தெருவை அடைத்தார்கள். எதிர்க் கட்டடத்திலிருந்த பல் ஆஸ்பத்திரியில் பாதிப் பல் பிடுங்கியவர்களை எல்லாம் வாயைப் பொத்தியபடி வெளியே அனுப்பினார்கள். நாய் துப்பாக்கியைச் சுற்றி வந்து மோந்துவிட்டு, ஸ்டோர்கீப்பரின் டிபன் டப்பாவுக்கு எதிரில் உறுதியாக உட்கார்ந்தது.

நிபுணர் பொறுமைசாலி. பின்கட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் துப்பாக்கியைக் கிடத்தி, தீத்துளை வழியாகத் தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே இறக்கி, மருந்து ஊறி நமுத்துப் போகும்வரை அதைத் தொடவில்லை. நமுத்த பிறகு, நுனியில் திருகு வைத்த நீளக் கம்பியை விட்டு மெதுவாகத் திருகி இழுத்தார். முதலில் ஒரு அழுக்குத் துணித் துண்டு வந்தது. மருந்தும் குண்டும் சிந்தாமல் இருக்க அடைக்கிற தக்கை அது. பின்னாலேயே உருண்டையாக ஒரு ஈயக் குண்டு. அப்புறம் கறுப்புக் கூழாக மருந்து.

"அவ்வளவுதான்" என்று அவர் குச்சியை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "இல்ல. இன்னும் இருக்கு."

மறுபடி திருகினார். மறுபடி துணி, குண்டு, மருந்து. மறுபடியும் குச்சி அடியைத் தொடவில்லை. மூன்றாவது முறையும் அதேபோல் வந்தபிறகுதான் குழல் காலியாயிற்று.

"மூணு தடவை கெட்டிச்சிருக்காரு. இதை மந்திரி சுட்டிருந்தா, எதிர்ல இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. குழலே வெடிச்சிருக்கும். மந்திரியோட தோளத்தான் தேடியிருக்கணும்" என்றார் நிபுணர்.

டைரக்டர் மந்திரியின் தோளை நினைத்தாரா, தன் பதவியை நினைத்தாரா தெரியாது. மணல் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நூலம்மாவின் கண் குண்டில் இல்லை, துணியில் இருந்தது. மூன்று துண்டுகளையும் கேட்டு வாங்கிக் காயவைத்து விளக்கடியில் விரித்தாள். மூன்றும் ஒரே துணி. கத்தியால் வெட்டியதில்லை, கையால் கிழித்தது; ஒரு பக்கம் சட்டை ஓரத்து மடிப்புத் தையல். ஒன்றின் கிழிசல் பல்லும் அடுத்ததன் கிழிசல் பல்லும் பொருந்தின. உடுத்தியிருந்த சட்டையின் கீழ் ஓரத்தை ஒரே இழுப்பாகக் கிழித்துப் பங்கிட்டிருக்கிறான் மனிதன். அப்படியென்றால் மூன்றையும் போட்டது ஒரே ஆள், ஒரே இடத்தில், அடுத்தடுத்து.

நிபுணர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சில சமயம் கிண்ணில மட்டும் புஸ்ஸுனு எரியும், உள்ள பத்தாது. போர்ச் சத்தத்துல சுட்டாச்சுன்னு நினைச்சு மறுபடி கெட்டிச்சுடுவாங்க." நியாயமான பேச்சு. அதையும் பார்த்தாக வேண்டும் என்று அவள் எஃகுத் தகட்டைப் பூதக்கண்ணாடியில் வைத்தாள். விசையை ஒரு தடவை இழுத்திருந்தாலும் கல் உரசிய கீறல் விழும். துருவைத் துடைத்துப் பார்த்தால் தகடு செய்த அன்று இருந்த மாதிரி வழவழவென்று இருந்தது. கல்லின் முனையும் மழுங்கவே இல்லை.

ஏழு பேரைச் சாய்த்த துப்பாக்கி ஒரு முறைகூடச் சுடவில்லை.

சேதி வக்கீலுக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. கறுப்புக் கோட்டோடு நேரே வந்து இறங்கினார். கூடவே அவருடைய அத்தை. எண்பதைத் தாண்டியவர், காது மந்தம், குடும்பத்திலேயே மூத்தவர். அவர் வாயால் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று கூட்டி வந்திருந்தார்.

"எங்க முப்பாட்டனார கோழைன்னு எழுதப் போறீங்களாமே?" என்று வக்கீல் மேசையைத் தட்டினார்.

டைரக்டர் உடனே நூலம்மாவைக் கை காட்டினார். பெருந்தன்மையில் அவரை மிஞ்ச முடியாது. பழியை எப்போதும் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார்.

"அப்படியெல்லாம் எழுதலைங்க. சுட்ட தடயம் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்" என்றாள்.

"அந்த எஃகுத் தகட்ட அப்புறமா மாத்தியிருப்பாங்க."

"இருக்கலாங்க. ஆனா மாத்தின தகடு பொருந்தாம எங்கயாவது இடைவெளி விடும். இது கச்சிதமா உக்காந்திருக்கு. நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன்."

"இதுக்கு முன்னாடி வேற துப்பாக்கியில ஏழு பேரைச் சுட்டிருக்கலாம் இல்ல?"

"தாராளமா சுட்டிருக்கலாம். அந்தத் துப்பாக்கிய கொண்டு வாங்க, அளந்து பாக்கறேன்."

கோர்ட்டில் எத்தனையோ பேரை மடக்கிய வக்கீல் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதுவரை ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த அத்தை, "என்னடா சொல்றாங்க?" என்று கேட்டார். வக்கீல் அவர் காதருகே குனிந்து, "முப்பாட்டன் சுடவே இல்லையாம் அத்தை!" என்று கத்தினார்.

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அதான பாத்தேன். கோழி அறுக்கறதைப் பாத்தாலே மயக்கம் போட்டுருவாராம் அவரு. எங்க அப்பா சொல்லுவாரு. ஏழு பேருங்கறது உங்கப்பன் தேர்தல்ல நின்னப்போ சேத்துக்கிட்டதுடா. அதுக்கு முன்னாடி நம்ம வீட்ல அந்தக் கதையே கிடையாது."

வக்கீல் பித்தளைத் தகட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கடைசியில் தன் பூட்சைப் பார்த்தார்.

அத்தை நூலம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு அந்தத் துணித் துண்டுகளைக் கேட்டார். அவள் அட்டையோடு கொண்டுவந்து மடியில் வைத்தாள். அத்தை தொடவில்லை, விரலை மேலே நீட்டியபடியே வைத்திருந்தார்.

"எதுக்கும்மா மூணு தடவை போட்டாரு?"

"தெரியலைங்க."

"உனக்கு என்ன தோணுது?"

நூலம்மா மடியிலிருந்த அட்டையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "கெட்டிச்சிட்டு இருக்கறவரைக்கும் கையில ஒரு வேலை இருக்கில்லீங்களா? யாரும் ஏன் சுடலைன்னு கேக்கமாட்டாங்க. முடிஞ்சா சுடணும். அதனால முடிக்காம திரும்பத் திரும்பப் போட்டிருப்பாரோன்னு நினைக்கறேன். புத்தகத்துல எழுதமாட்டேன். கேட்டீங்கன்னு சொன்னேன்."

சுடாமல் கெட்டித்துக்கொண்டே இருப்பது எப்படி என்று அந்த ஆபீசில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதச் சம்பளத்துக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மனிதர் உயிர் போகிற இடத்தில் நின்று செய்திருக்கிறார். சத்தத்துக்கு நடுங்குகிற ஒருத்திக்கு அது புரியாமல் போகாது.

"பத்திரமா திரும்பி வந்தாரே, அது போதும்" என்றார் அத்தை. "அவர் வந்ததாலதான் நாங்கல்லாம் இருக்கோம். இந்தக் கறுப்புக் கோட்டுக்காரனையும் சேத்துத்தான் சொல்றேன்."

வக்கீல் அன்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வக்கீல் அல்லவா, அடுத்த வாரமே புது வாதத்தோடு வந்தார். முப்பாட்டனார் கொலையை வெறுத்தவர். கருணையால் விசையைத் தொடாதவர். உலகத்துக்கே சமாதானத்தை எடுத்துக் காட்டிய மகான். ஆகவே புத்தகத்தில் 'அமைதியின் துப்பாக்கி' என்று தனி வகை ஒன்று ஆரம்பிக்க வேண்டும். பழைய பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு இதை விடப் பெரியதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். டைரக்டருக்கு அது உடனே பிடித்துவிட்டது. மந்திரிக்குத் தோளில் துப்பாக்கிக்குப் பதில் கையில் புறா கொடுக்கலாம் என்று அவருக்கு ஐடியா ஓட ஆரம்பித்திருந்தது.

"போடும்மா, என்ன கெட்டுப் போச்சு?" என்றார்.

நூலம்மா அதுவரை டைரக்டரிடம் முடியாது என்று சொன்னதில்லை. துணிப் பிரிவிலிருந்து கிளம்பச் சொன்னபோதுகூடச் சரி சார் என்றுதான் சொன்னாள். இப்போது எழுந்து நின்றாள்.

"முடியாது சார். கல் வகைத் துப்பாக்கி, அதுதான் வகை. சுடலை. மூணு தடவை கெட்டிச்சிருக்கு. அது கருணையா, நடுக்கமா, இல்ல காது அடைச்சுப் போய் ஒண்ணும் புரியாம நின்னாரான்னு துப்பாக்கி சொல்லலை. அது சொல்லாததை நான் எழுதமாட்டேன். வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க. நான் துணிப் பிரிவுக்கே போறேன்."

வேறு யாரும் இல்லை என்பது டைரக்டருக்குத் தெரியும். தானே எழுத நேர்ந்தால் பெரியது, சிறியது, உடைந்தது என்பதற்கு மேல் தன்னால் போக முடியாது என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "சரி, சரி, உக்காரும்மா" என்றார்.

புத்தகம் அவள் எழுதியபடியே அச்சாயிற்று. முன்னுரையில் டைரக்டர், குழலின் ஆழத்தை அளக்கும்படி தாம் வற்புறுத்தியதால்தான் ஒரு பேராபத்து தவிர்க்கப்பட்டது என்று அடக்கத்தோடு குறிப்பிட்டிருந்தார். வெளியீட்டு விழாவில் மந்திரிக்குப் புறாதான் கிடைத்தது. அது அவர் கையிலேயே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டுப் பறந்தது. வக்கீல் மேடையேறி, தங்கள் குடும்ப ரத்தத்திலேயே சமாதானம் ஓடுகிறது என்று அரை மணி நேரம் ஆவேசமாக, மைக்கைக் குத்திக் குத்திப் பேசினார்.

கடைசி வரிசையில் நூலம்மாவும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் அத்தை. வக்கீல் பேச்சில் ஒரு வார்த்தையும் காதில் விழாததால் அத்தைக்கு விழா ரொம்பப் பிடித்திருந்தது. புத்தகத்தை மடியில் விரித்து, தங்கள் வீட்டுத் துப்பாக்கி இருந்த பக்கத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். அதில் துப்பாக்கிப் படத்துக்குக் கீழே சின்னதாக மூன்று துணித் துண்டுகளின் படமும் இருந்தது. அதைச் சேர்ப்பதற்கு நூலம்மா அச்சகத்தோடு தனியாகச் சண்டை போட்டிருந்தாள்.

"நல்ல துணி" என்றார் அத்தை.

"ரொம்ப நல்ல துணிங்க. கெட்டி நெசவு. புதுச் சட்டைதான் கிழிச்சிருக்காரு" என்றாள் நூலம்மா.

"வீட்டுக்கு வந்ததும் அவரு பொண்டாட்டி என்ன திட்டு திட்டியிருப்பாளோ!" என்றார் அத்தை. இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.